அப்பாவோ அம்மாவோ அருகில் இல்லாத வீட்டில் ஒரு வளர்ப்புப் பிராணி என்ன செய்கிறது?

வேலைக்காக வெளிநாட்டில் தங்கியிருக்கும் அப்பா, ராணுவப் பணிக்குப் போன அம்மா, மணமுறிவுக்குப் பிறகு வேறு வீட்டுக்குப் போய்விட்டவர், மாதக்கணக்கில் மருத்துவமனையில் இருப்பவர். காரணம் எதுவானாலும், பிள்ளை வாடிப்போயிருப்பதைப் பார்ப்பவர்கள் தவறாமல் சொல்லும் யோசனை ஒன்று உண்டு: "ஒரு நாய்க்குட்டி கொண்டுவந்து குடுங்க. அதோட விளையாடிக்கிட்டே எல்லாத்தையும் மறந்துடும்." இதற்கு நேர் எதிராகப் பேசுபவர்களும் உண்டு: "பெத்தவங்க இடத்தை ஒரு மிருகமா நிரப்பப்போகுது?"

இரண்டு பேச்சும் ஒரே தவறான எண்ணத்திலிருந்துதான் வருகின்றன. இல்லாதவருக்கு மாற்றாகத்தான் பிராணி வருகிறது என்று இரு தரப்பும் நினைக்கிறது. ஒரு தரப்பு அது பலிக்கும் என்கிறது, மறு தரப்பு பலிக்காது என்கிறது. உண்மையில் பிராணி யாரையும் மறக்க வைப்பதில்லை. ஏக்கம் இருக்கும்போதே சாப்பிட்டு, தூங்கி, படித்து, பேசி அன்றாடத்தைக் கடக்கப் பிள்ளைக்குத் துணைநிற்கிறது. அது எப்படி நடக்கிறது, எப்போது நடக்காமல் போகிறது என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

## மாவுக்கட்டின் வேலை

கை எலும்பு முறிந்தால் மாவுக்கட்டுப் போடுகிறார்கள். கட்டு எலும்பை ஒட்டுவதில்லை. எலும்பு கூடுவது உடம்பின் வேலை. அது நடந்து முடியும்வரை கை அசையாமல், மறுபடி அடிபடாமல் பார்த்துக்கொள்வது மட்டும்தான் கட்டின் வேலை. ஆனால் அந்த ஒரு வேலை நடக்காவிட்டால் எலும்பு நேராகச் சேராது.

பிராணியின் பங்கும் ஏறக்குறைய இதுதான். பிள்ளையைத் தேற்றுவது வீட்டில் இருக்கும் பெரியவர்கள், தொலைவிலிருந்தாலும் தொடர்பை விடாத பெற்றோர், அதோடு காலம். அவர்கள் தங்கள் வேலையைச் செய்துகொண்டிருக்கும்போது, பிரிவால் ஆட்டம் காணும் சிலவற்றைப் பிராணி பிடித்து நிறுத்துகிறது. உடம்பின் பதற்றம், நாளின் ஒழுங்கு, வீட்டுக்குள் நடக்கும் பேச்சு ஆகியவைதான் அவை. கட்டைக் கோணலாகப் போட்டால் கையும் கோணலாகத்தான் கூடும். அதுவும் இங்கே பொருந்தும், பின்னால் அதற்கு வருகிறேன்.

## பிரிவு ஏன் இப்படி உலுக்குகிறது?

பிரிட்டிஷ் மனநல மருத்துவர் ஜான் பௌல்பி, குழந்தைக்கும் அதை வளர்ப்பவருக்கும் இடையில் உருவாகும் ஆழமான உறவைப் பற்றிப் பல்லாண்டுகள் ஆராய்ந்தார். அதைப் பிணைப்பு என்று சொல்லலாம். பயம் வந்தால் ஒரு குறிப்பிட்ட ஆளிடம் ஓடிப்போக வேண்டும் என்ற உள்ளுந்துதல்தான் பிணைப்பு. பசி, தாகம் போலவே இதுவும் பிறவியிலேயே வருவது என்பது அவர் வாதம். அவரோடு பணியாற்றிய மேரி ஐன்ஸ்வொர்த் இன்னொன்றையும் கவனித்தார். அந்த ஆள் பக்கத்தில் இருந்தால்தான் குழந்தை துணிந்து தள்ளிப்போய் விளையாடுகிறது, புதியதைத் தொட்டுப் பார்க்கிறது. ஓடிவந்து ஒட்டிக்கொள்ளவும், தைரியமாக விலகிப்போகவும் அதே ஆள்தான் தேவை. அந்த ஆள் கண்ணில் படாமல் போனால் இரண்டுமே தடுமாறும். பெற்றோரில் ஒருவர் ஊருக்குப் போன பிறகு, தனியாகத் தூங்கிப் பழகிய பிள்ளை மறுபடி பெரியவர்கள் பக்கத்தில் வந்து படுப்பதும், நன்றாகப் படித்த பிள்ளை பாடத்தில் பின்தங்குவதும் இதனால்தான். அடம் என்று அதைத் திட்டிவிடக் கூடாது.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. இறந்துபோனவருக்காக அழலாம், சடங்கு செய்யலாம், ஊரே கூடி ஆறுதல் சொல்லும். உயிரோடு இருந்தும் அருகில் இல்லாதவருக்காக எப்படி அழுவது? அமெரிக்க ஆய்வாளர் பாலின் பாஸ் 1970களில், போரில் காணாமல்போன வீரர்களின் குடும்பங்களோடு பேசும்போது இந்த நிலையைக் கண்டு, அதற்குத் தெளிவற்ற இழப்பு என்று பெயர் வைத்தார். முடிவு தெரியாத, முழுமையடையாத இழப்பு என்று பொருள். பிள்ளையிடம் கேட்டால் "அப்பா இருக்காரு, ஆனா இல்ல" என்று சொல்லும். இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: பிரிவில் பிள்ளைக்குப் பாதுகாப்பு உணர்வு குறைகிறது, துணிச்சல் குறைகிறது, எப்போது முடியும் என்பதும் தெரிவதில்லை. இனி பிராணி எங்கே உள்ளே வருகிறது என்று பார்ப்போம்.

## முதலில் உடம்பு

ஆபத்து என்று மூளை முடிவுசெய்ததும், சிறுநீரகங்களுக்கு மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பிகள் கார்டிசால் என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன. உடம்பை உஷார் நிலையில் வைப்பது அதன் வேலை. தேர்வுக்கு முன்னால் ஏறி, முடிந்ததும் இறங்கிவிட்டால் அதனால் நன்மைதான். அந்த உஷார் நிலை வாரக்கணக்கில் தணியாமல் இருக்கும்போதுதான் தூக்கம் கெடுகிறது, பசி மாறுகிறது, தொட்டதற்கெல்லாம் எரிச்சல் வருகிறது.

நம்பிக்கையான துணை அருகில் இருந்தால் இந்த ஏற்றம் மட்டுப்படும். இதற்குத் துணையின் தணிப்பு என்று பெயர் வைத்துக்கொள்வோம். பிள்ளைகளுக்கு வழக்கமாக இந்தத் துணை பெற்றோர்தான். ஒரு நாய் அதைச் செய்யுமா? ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தின் டார்லின் கெர்டிஸும் அவரது குழுவினரும் 2017-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சோதித்தது. நாய் வளர்க்கும் ஏறக்குறைய 100 குடும்பங்களிலிருந்து 7 முதல் 12 வயதுப் பிள்ளைகளை அழைத்து, மற்றவர்கள் முன்னால் பேசவும் மனக்கணக்குப் போடவும் சொன்னார்கள். சிலர் தனியாகச் செய்தார்கள், சிலரோடு பெற்றோர் இருந்தார்கள், சிலரோடு அவர்கள் வீட்டு நாய் இருந்தது. நாய் கூட இருந்த பிள்ளைகள்தான் பதற்றம் குறைவாக இருந்ததாகச் சொன்னார்கள்.

அந்த ஆய்வில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. பிள்ளை தானாக நாயைக் கூப்பிட்டு, தடவிக்கொடுத்த இடங்களில் கார்டிசால் குறைவாக இருந்தது. நாய் தானாக வந்து மேலே விழுந்த இடங்களில் அப்படி இல்லை. அதாவது ஆறுதலைப் பிள்ளை கை நீட்டித் தேடி எடுக்க வேண்டும். அழுதுகொண்டிருக்கும் பிள்ளையின் மடியில் பூனையைக் கொண்டுபோய் வைத்து "இந்தா, இதோட விளையாடு" என்று சொல்வதில் பயனில்லை. பூனை அறையில் இருந்தால் போதும். கை தானாக அதன் பக்கம் போகும்போதுதான் வேலை நடக்கிறது.

இதற்குள் இன்னொரு ஹார்மோனும் இருக்கிறது. தாய்க்கும் சேய்க்கும் இடையிலான நெருக்கத்தில் பங்குபெறும் ஆக்சிடோசின் அது. ஜப்பானில் மிஹோ நாகசாவா குழுவினர் 2015-இல் வெளியிட்ட ஆய்வில், வளர்ப்பவரும் நாயும் ஒருவரையொருவர் நீண்ட நேரம் கண்ணோடு கண் பார்த்துக்கொண்டபோது இரு தரப்பிலும் ஆக்சிடோசின் கூடியது. மனிதர்களால் வளர்க்கப்பட்ட ஓநாய்களிடம் இது தென்படவில்லை. மனிதனோடு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வாழ்ந்த நாய், நம் தாய்சேய்ப் பிணைப்பின் வழியிலேயே நமக்குள் நுழையப் பழகியிருக்கிறது என்று இதைப் புரிந்துகொள்கிறார்கள்.

தொடுகைக்கு ஓர் எல்லை உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1950களில் அமெரிக்க உளவியலாளர் ஹாரி ஹார்லோ குரங்குக்குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்து, பால் தரும் கம்பிப் பொம்மையையும் பால் தராத துணிப் பொம்மையையும் பக்கத்தில் வைத்தார். குட்டிகள் பெரும்பாலான நேரம் மெத்தென்ற துணிப் பொம்மையையே கட்டிக்கொண்டிருந்தன. மனதைப் பிசையும் பரிசோதனை அது. ஆனால் அந்தக் குட்டிகள் வளர்ந்த பிறகு மற்றக் குரங்குகளோடு இயல்பாகப் பழகத் தெரியாமல் நின்றன. மென்மையான தொடுகை பயத்தைத் தணித்தது, வளர்த்தெடுக்க அது மட்டும் போதவில்லை. பிராணியை நம்பிப் பிள்ளையைத் தனியே விட்டுவிடக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

## பிறகு நாள்

பெற்றோரில் ஒருவர் போன வீட்டில் முதலில் குலைவது நேரம்தான். பள்ளிக்குக் கூட்டிப்போனவர் இல்லை, இரவில் கதை சொன்னவர் இல்லை. மிச்சமிருப்பவர் இரண்டு பேர் வேலையை ஒருவராகச் செய்து ஓய்ந்துபோகிறார். சாப்பாடு தள்ளிப்போகிறது, தூக்கம் தள்ளிப்போகிறது.

பிராணிக்கு இது எதுவும் தெரியாது. ஆறு மணிக்கு வெளியே போக வேண்டுமென்றால் ஆறு மணிக்குக் கதவருகில் வந்து நிற்கும். சாப்பாட்டு நேரம் தப்பினால் தட்டை மூக்கால் தள்ளிக்கொண்டு வரும். யாராவது எழுந்தே ஆக வேண்டும். அதற்காக எழுபவர் தானும் முகம் கழுவுகிறார், வெளிக்காற்றில் கால் மணி நேரம் நடக்கிறார், பிள்ளையையும் கூட்டிக்கொள்கிறார். தனக்காகச் செய்துகொள்ள மனம் வராததை இன்னோர் உயிருக்காகச் செய்கிறோம்.

நாய், பூனைதான் வேண்டும் என்றில்லை. முதல் வகை நீரிழிவுள்ள 10 முதல் 17 வயதுப் பிள்ளைகளிடம் மீன் வளர்க்கக் கொடுத்து, மீனுக்குத் தீனி போடும் நேரத்திலேயே தங்கள் ரத்தச் சர்க்கரையையும் பார்க்கச் சொன்ன ஓர் அமெரிக்க ஆய்வு 2015-இல் வந்தது. மூன்று மாதத்தில் அந்தப் பிள்ளைகளின் சர்க்கரைக் கட்டுப்பாடு முன்னேறியது. மீன் வளர்க்காதவர்களிடம் அந்த முன்னேற்றம் இல்லை. மீனைக் கொஞ்ச முடியாது, அது வாலாட்டாது. வேளை தவறாமல் செய்ய வேண்டிய ஒரு சின்ன வேலைக்கே இவ்வளவு பலம் இருக்கிறது.

## மூன்றாவது, பேச்சு

ஒரு வீடியோ அழைப்பைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். தூரத்திலிருந்து அப்பா கேட்கிறார்: "சாப்பிட்டியா?" "ம்." "ஸ்கூல் எப்படிப் போச்சு?" "நல்லா." "அம்மா சொல்றதைக் கேக்குறியா?" "ம்." எட்டு வயதுப் பிள்ளை, கண் திரையில் இல்லை, நாற்காலியின் விளிம்பைச் சுரண்டிக்கொண்டிருக்கிறது. அன்பில்லாமல் இல்லை. பகிர்ந்துகொள்ள இருவருக்கும் பொதுவான ஒரு நாள் இல்லை, அவ்வளவுதான். அந்த நேரம் பூனை மேசை மேல் ஏறி, கேமராவை மறைத்துக்கொண்டு வாலைத் தூக்கி நிற்கிறது. "அப்பா, இதைப் பாருங்களேன்! நேத்து இது என்ன பண்ணுச்சு தெரியுமா? உங்க செருப்பு இருக்குல்ல, அதுக்குள்ள தலையை விட்டுக்கிட்டு வெளிய வரத் தெரியாம..." அடுத்த பத்து நிமிடம் பிள்ளைதான் பேசுகிறது. இடையே, யாரும் கேட்காமலே, "நேத்து ராத்திரி நான் தூங்கவே இல்ல, அதான் இதைப் பாத்தேன்" என்கிறது. சாப்பிட்டாயா, படித்தாயா என்று கேட்டிருந்தால் இந்த வாக்கியம் வெளியே வந்திருக்காது.

பிராணியைப் பற்றிப் பேசுவதாக நினைத்துக்கொண்டு பிள்ளை தன்னைப் பற்றிப் பேசுகிறது. "பாவம், இது சோகமா இருக்கு" என்று பிள்ளை சொன்னால் அந்தச் சோகம் யாருடையது என்று ஒரு நொடி யோசித்துப் பாருங்கள். திருத்த வேண்டாம். "ஏன் சோகமா இருக்கும்னு நினைக்கிற?" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். குழந்தைகள் உளவியலாளர் போரிஸ் லெவின்சன் இதைத் தற்செயலாகக் கண்டார். பழகவே மறுத்த ஒரு சிறுவன், லெவின்சனின் நாய் ஜிங்கிள்ஸ் அருகில் இருந்தபோது மெல்ல மெல்லத் திறந்தான். 1962-இல் இதைப் பற்றி எழுதிய லெவின்சன் நாயைத் தன் சக சிகிச்சையாளராகவே குறிப்பிட்டார். விலங்குகளின் துணையோடு செய்யும் சிகிச்சைக்கு அது ஒரு தொடக்கமாக அமைந்தது.

## வளர்த்தாலே போதுமா?

போதாது. அமெரிக்காவின் ராண்ட் ஆய்வு நிறுவனம் 2017-இல், கலிஃபோர்னியாவில் 5,000-க்கும் மேற்பட்ட குடும்பங்களின் தகவலை அலசியது. பிராணி உள்ள வீட்டுப் பிள்ளைகள் முதலில் ஆரோக்கியமாகத்தான் தெரிந்தார்கள். குடும்ப வருமானம், சொந்த வீடு போன்றவற்றைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகு அந்த வித்தியாசம் நிற்கவில்லை. வசதியும் நிலையான வாழ்க்கையும் உள்ள குடும்பங்கள் பிராணி வளர்ப்பது அதிகம் என்பதே பெரும்பாலும் விளக்கமாக அமைந்தது.

இதையும் 2014-இல் அமெரிக்க ஆய்வாளர் மேகன் முல்லர் வெளியிட்ட ஆய்வையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ராணுவக் குடும்பத்துப் பிள்ளைகளை எடுத்துக்கொண்ட அந்த ஆய்வு, பிராணி இருக்கிறதா என்பதோடு நிற்காமல் அதனுடன் உள்ள நெருக்கம் எவ்வளவு என்றும் பார்த்தது. பெற்றோர் பணிக்குப் போயிருந்த பிள்ளைகளில், பிராணியோடு நெருக்கம் கூடியவர்களிடம் நெருக்கடியைச் சமாளிக்கும் நல்ல வழிகளும் கூடுதலாகத் தென்பட்டன. நெருக்கம்தான் அதற்குக் காரணம் என்று இதை வைத்து அடித்துச் சொல்லிவிட முடியாது. ஆனாலும் வாசலில் கட்டிப்போட்ட நாய்க்கும் பிள்ளையின் காலடியில் தூங்கும் நாய்க்கும் உள்ள வேறுபாட்டை இது சரியாகத் தொடுகிறது.

சுருக்கமாக: பிராணி இருப்பதால் மட்டும் எதுவும் நடப்பதில்லை. தொடுகை, வேளை, பேச்சு ஆகிய மூன்றும் அதன் மூலம் தினமும் நடந்தால்தான் நடக்கிறது.

## தத்தெடுக்கும்போது

இப்படிப்பட்ட குடும்பங்களுக்குக் விலங்குக் காப்பகத்திலிருந்து, குட்டியாக இல்லாமல் வளர்ந்துவிட்ட பிராணியைத் தத்தெடுப்பதையே நான் சொல்வேன். குட்டி என்றால் இரவில் எழ வேண்டும், பலமுறை வெளியே கூட்டிப்போக வேண்டும், கடிப்பதையும் பொறுத்துக்கொள்ள வேண்டும். தனியாளாகத் திணறும் பெரியவருக்கு அது இன்னொரு கைக்குழந்தை. இரண்டு மூன்று வயதான நாயின் குணம் ஓரளவு தெரிந்துவிட்டிருக்கும். பிள்ளைகளோடு எப்படி இருக்கிறது, தனியாக விட்டால் கத்துமா என்று பராமரிப்பவர்களிடமே கேட்கலாம்.

வந்த அன்றே அது பிள்ளையிடம் ஒட்டிக்கொள்ளும் என்று எதிர்பார்க்க வேண்டாம். காப்பகங்களில் சொல்லும் பொதுவான கணக்கு ஒன்று உண்டு: மிரட்சி தணிய 3 நாள், வீட்டு வழக்கம் புரிய 3 வாரம், இது என் வீடு என்று அமர 3 மாதம். இது ஒரு தோராயம், உயிருக்கு உயிர் மாறும். அதனால்தான் பெற்றோர் கிளம்பும் அதே வாரத்தில் பிராணியைக் கொண்டுவருவது சரிப்படாது. முடிந்தால் சில மாதம் முன்பே கொண்டுவாருங்கள். போகப்போகும் அப்பாவோ அம்மாவோ அதற்குப் பெயர் வைக்கட்டும், சேர்ந்து பழக்கட்டும். முன்பே முடியாவிட்டால் வீடு ஓரளவு நிதானத்துக்கு வந்த பிறகு கொண்டுவாருங்கள்.

ஒரு விஷயத்தில் மிகவும் கவனம் வேண்டும். "இதையும் யாரோ விட்டுட்டுப் போயிட்டாங்க, உன்னை மாதிரியே" என்று ஆறுதலாகச் சொல்லத் தோன்றும். சொல்லாதீர்கள். தன்னையும் அப்பா விட்டுவிட்டார் என்ற முடிவுக்குப் பிள்ளை வந்துவிடும். "இதுக்கு ஒரு வீடு தேவைப்பட்டுச்சு, நாம குடுத்தோம்" என்பது போதும்.

## கட்டு கோணலாகும் இடங்கள்

பிராணியின் முழுப் பொறுப்பையும் பிள்ளையின் தலையில் வைப்பதுதான் முதல் கோணல். தண்ணீர்க் கிண்ணத்தை நிரப்புவது, முடியைச் சீவிவிடுவது போன்ற வேலைகளைப் பிள்ளை ஆசையாகச் செய்யும், அதில் பெருமிதமும் கொள்ளும். பிரிவில் எல்லாமே தன் கையை மீறிப்போன பிள்ளைக்கு, தன் கையால் நல்லபடியாக நடக்கும் ஒரு வேலை பெரிய பலம். ஆனால் தடுப்பூசி, மருத்துவம், செலவு, அன்றாட மேற்பார்வை ஆகியவை பெரியவருடையவை. அப்பா இல்லாததால் ஏற்கெனவே வீட்டின் பாரத்தைச் சுமக்கத் தொடங்கியிருக்கும் மூத்த பிள்ளைக்கு இன்னொரு பாரத்தை ஏற்றிவிட்டு, அதைப் பாசம் என்று அழைக்கக் கூடாது.

இரண்டாவது, முடியவில்லை என்று திருப்பிக் கொடுப்பது. ஒருவரைப் பிரிந்து நிற்கும் பிள்ளைக்கு இது இன்னொரு பிரிவு. முழுநேரம் சமாளிக்க முடியுமா என்ற சந்தேகம் இருந்தால், சில வாரங்களுக்கு மட்டும் வைத்துப் பராமரிக்கும் ஏற்பாடு காப்பகத்தில் உண்டா என்று கேளுங்கள். அது தற்காலிகம் என்பதைப் பிள்ளைக்கு முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

பாதுகாப்பு பற்றி ஒரு வார்த்தை. பிள்ளைகளைக் கடிக்கும் நாய்களில் பெரும்பாலானவை அவர்களுக்குத் தெரிந்த நாய்களே. ஏக்கத்தில் இருக்கும் பிள்ளை இறுக்கிக் கட்டிப்பிடிக்கும். பல நாய்களுக்கு அது பிடிக்காது. சாப்பிடும்போதும் தூங்கும்போதும் தொடக் கூடாது, முகத்தோடு முகம் வைக்கக் கூடாது. சிறு பிள்ளையையும் நாயையும் ஒரே அறையில் தனியே விட வேண்டாம்.

சாப்பாடு, தூக்கம், பள்ளி ஆகியவை வாரக்கணக்கில் கெட்டே இருந்தால், பிள்ளை தன்னைக் காயப்படுத்திக்கொண்டால், அல்லது பிராணியையே துன்புறுத்தினால், அது பிராணியால் தாங்கும் அளவைத் தாண்டிய விஷயம். உளவியல் ஆலோசகரிடம் தாமதிக்காமல் கூட்டிப்போங்கள்.

## போனவர் திரும்பி வரும்போது

பிராணி அவர் போன பிறகு வந்ததாக இருந்தால், வீடு திரும்புபவர் அதற்கு அந்நியர். நாய் குரைக்கலாம், பூனை கட்டிலடியில் போய் ஒளியலாம். நீண்ட நாள் கழித்துத் தன் வீட்டுக்குள் நுழைபவருக்கு அது சுருக்கென்று தைக்கும். பிராணியின் குற்றம் இல்லை அது. முன்கூட்டியே அவர் உடுத்திய துணி ஒன்றை அனுப்பிவைத்து, அது படுக்கும் இடத்தில் போட்டுவைத்தால் வாசனையாவது பழகியிருக்கும். நேருக்கு நேர் குனிந்து கண்ணைப் பார்க்காமல், பக்கவாட்டில் உட்கார்ந்து, அதுவாக வந்து முகரும்வரை காத்திருக்க வேண்டும்.

அறிமுகம் செய்துவைக்கும் வேலையைப் பிள்ளையிடம் விடுங்கள். "கையை இப்படி வைங்கப்பா, அவசரப்படாதீங்க" என்று பிள்ளை சொல்லிக்கொடுக்கட்டும். இத்தனை நாள் இந்த வீட்டில் தான் என்ன செய்தோம் என்று காட்ட அதற்கு வேறு வழி கிடைப்பது அரிது. நாயை நடைக்குக் கூட்டிப்போகும் வேலையை வந்த மறுநாளே அப்பா தன் கையில் எடுத்துக்கொள்ள வேண்டாம். கயிறு பிள்ளையிடமே இருக்கட்டும், அவர் கூடவே நடக்கட்டும். முதல் சில வாரங்கள் தீனி வைக்கும் வேளையையும் படுக்கும் இடத்தையும் மாற்றாமல் வைத்திருங்கள்.